கழுதைப்புலிக்குக் கட்டிய வீட்டில் அமர்ந்திருக்கும் எங்கள் அக்காவுக்கு

வரைபடத் தாளில் வனம் வளர்த்த வித்தகியே! கம்பிக்குள் கிடப்போரின் கவலையைக் கம்பிக்குள்ளேயே போய்க் குந்திக் கண்டறிந்த கருணைக் கடலே! தாழ்ப்பாளைத் தட்டித் தட்டிப் பார்த்தே தலைநரைத்த தகைமைச் சிகரமே! சிங்கத்துக்கு நிழலும், கரடிக்குக் குகையும், நீர்நாய்க்கு நீந்தக் குளமும், எங்களுக்கு நாள் தவறாமல் திட்டும் வழங்கிய தாயனைய தலைவியே! இம்மாநகர உயிரியல் பூங்காவின் சீரமைப்புப் பிரிவுத் தலைமைப் பொறியாளர் என்னும் பெரும்பொறுப்பைச் சுமந்து, சுமந்ததைச் சொல்லிக் காட்டாமல், இன்று அந்திப்பொழுதில் எங்களிடம் விடைபெறும் பெருமாட்டியே! வணக்கம்.

அழைத்தாகிவிட்டது. இதற்கு மேல் அழைத்தால் அக்கா எழுந்து போய்விடுவார். முன்பொரு முறை நகரசபை மண்டபத்தில் அவருக்கு விருது வழங்கிப் புகழ்ந்துகொண்டிருந்தபோது, பாதியில் எழுந்து போய் மண்டபத்தின் பின்கதவுக் கீலை ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர். விருதை நாங்கள்தான் வாங்கி வந்தோம். கீல் உண்மையிலேயே ஆடிக்கொண்டிருந்தது என்பது வேறு விஷயம். ஆகவே இம்மடலில் அவரை நேருக்கு நேர் புகழப் போவதில்லை. எங்கோ வேறோர் ஊரில் இருந்த ஒரு பொறியாளரின் கதையைச் சொல்வது போலச் சொல்லப் போகிறோம். அக்கா பாட்டுக்குக் கேட்டுக்கொண்டிருக்கலாம்.

இந்த விழா ஏன் கூட்ட அரங்கில் நடக்கவில்லை, ஏன் புதிதாகக் கட்டி இன்னும் திறக்காத கழுதைப்புலி அடைப்பிடத்துக்குள் மண்மேட்டில் நாற்காலி போட்டு எல்லோரையும் உட்கார வைத்திருக்கிறோம், ஏன் காலையில் வைக்காமல் பொழுது சாயும் நேரத்தில் வைத்தோம் என்று வந்திருப்பவர்கள் முணுமுணுப்பது எங்களுக்குத் தெரியும். காரணம் கதையின் கடைசியில் வரும். இந்நேரம் கண்ணாடிக்கு வெளியே, வீட்டுக்குப் போக மனமில்லாத ஏதாவதொரு குழந்தை நம் இயக்குநரைக் காட்டி, "அம்மா, இது என்ன மிருகம்?" என்று கேட்டிருக்கும். பெயர்ப்பலகை இன்னும் மாட்டப்படாததால் அந்த அம்மாளுக்கு விடை தெரிந்திருக்காது.

அக்கா இங்கே வேலைக்கு வருவதற்கு முன் நெல் மூட்டையும் உர மூட்டையும் அடுக்கும் கிடங்குகளை வரைந்துகொண்டிருந்தார். மூட்டைகள் குறை சொன்னதில்லை. வந்த முதல் நாளே அன்றைய இயக்குநர் ஒரு குரங்குக் கூண்டின் வரைபடத்தை விரித்து, கையெழுத்து மட்டும் போடச் சொன்னார். அக்கா அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"இதுக்குள்ள யாராவது உக்காந்து பாத்தீங்களா சார்?"

"உள்ள குரங்கு உக்காரும்மா. அதுக்குத்தானே கட்டுறோம்."

"அது நமக்கு மனு எழுதிப் போடாதே சார்."

சொன்னவர் சொன்னதோடு நிற்கவில்லை. அதே மாதிரி கட்டியிருந்த பழைய கூண்டுக்குள் போய், கதவை வெளியே பூட்டச் சொல்லி, ஒரு பகல் முழுக்க உட்கார்ந்துவிட்டு வந்தார். வந்து வரைபடத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு வரைந்தார். அன்று பிறந்ததுதான் எங்கள் பூங்காவுக்கே உரிய 'உள்ளிருப்பு' என்னும் வழக்கம். எந்தக் கூண்டை மாற்றுவது என்று முடிவெடுக்கிறவர்களில் ஒருவர், அதிலிருக்கும் விலங்கைப் பக்கத்து அறைக்கு மாற்றிவிட்டு, ஒரு நாள் உள்ளே உட்கார வேண்டும். செய்தித்தாள் கூடாது. தொலைபேசி கூடாது. சாப்பாடு கம்பிக்குக் கீழே தள்ளப்படும். பார்வையாளர்கள் வழக்கம் போல வருவார்கள், அவர்களிடம் எதுவும் சொல்லப்பட மாட்டாது. எந்தக் கூண்டில் உட்கார்ந்தவர் அதிகமாக அவதிப்பட்டாரோ அந்தக் கூண்டுக்கே முதல் இடம். புதுவீடு கட்டி முடிந்த பிறகும் அக்கா ஒரு நாள் உள்ளே இருந்து பார்த்து "சரி" என்றால்தான் விலங்கு குடிபுகலாம்.

இந்த வழக்கத்தை அவர் வீட்டிலும் விட்டுவைக்கவில்லை. சொந்த வீடு கட்டியபோது கணவரையும் மகளையும் ஆளுக்கொரு வெற்று அறையில் ஒரு நாள் உட்கார வைத்தார் என்றும், கணவருக்குக் குளியலறை வந்தது என்றும், அந்த ஊரிலேயே காற்றோட்டமான குளியலறை இன்றுவரை அவர்களுடையதுதான் என்றும் கேள்வி. அத்தான் இங்கேதான் மூன்றாம் வரிசையில் இருக்கிறார். மறுத்தால் மறுக்கட்டும்.

பிறகு பெரிய சீரமைப்பு வந்தது. நகரசபை பூங்கா முழுவதையும் புதுப்பிக்க ஒப்புக்கொண்டது, ஆனால் ஒரேயடியாக அல்ல. ஒன்றை முடித்தால்தான் அடுத்தது. ஆகவே எந்த விலங்குக்கு முதலில் வீடு என்ற கேள்வி எழுந்தது. பந்தியில் இடம் பிடிப்பது போல ஆளுக்கு ஒரு விலங்கைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நுழைவுச்சீட்டில் படம் இருக்கிறது என்பதால் சிங்கம்தான் முதலில் என்றார் இயக்குநர். குறைந்த செலவில் முடியும் என்பதால் ஆமை என்றார் கணக்கு அதிகாரி. வண்ண வண்ணக் கிளிகள்தான் வேண்டும் என்றார் சீரமைப்புக் குழுவின் தலைவர். திறப்பு விழாப் படத்தில் பின்னணி எடுப்பாக இருக்கும் என்பதை அவர் சொல்லவில்லை, நாங்களாகப் புரிந்துகொண்டோம். அக்கா எல்லோரையும் பேச விட்டார். கடைசியில் எழுந்து சாவிக்கொத்தை மேசைமேல் வைத்தார்.

"வாங்க சார். ஆளுக்கொரு கூண்டு. உள்ள போய் உக்காந்து முடிவு பண்ணலாம்."

குழுத் தலைவருக்குக் கரடிக் கூண்டு விழுந்தது. நான்கு பக்கமும் கம்பி, நடுவில் சிமெண்ட் திண்டு. காலையில் கம்பீரமாகத்தான் போய் அமர்ந்தார். கொஞ்ச நேரத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்து, கரடி இந்த வருஷம் மெலிந்துபோய்விட்டது என்று வருத்தப்பட்டார்கள். ஒரு பெரியவர் வேர்க்கடலை வீசினார். முதல் பிடியைத் தலைவர் பொருட்படுத்தவில்லை. இரண்டாம் பிடியைப் பொறுக்கித் தின்றார் என்று கரடியின் பராமரிப்பாளர் சாட்சி சொல்கிறார். மதியத்துக்கு மேல் அவருடைய சொந்த மைத்துனரே பிள்ளைகுட்டிகளோடு வந்து நின்றார்.

"அத்தான்! நீங்க என்ன இங்க?"

"வேலையா இருக்கேன் மாப்ள."

"வேலை மாத்திட்டீங்களா? அக்கா சொல்லவே இல்லயே!"

"போப்பா அந்தப் பக்கம். சிங்கத்தப் போய்ப் பாரு."

"சிங்கத்தப் பாத்துட்டுத்தான் அத்தான் வர்றோம். அங்கயும் ஒரு ஆளுதான் வேட்டிய மடிச்சுக் கட்டிட்டு உக்காந்திருக்காரு."

சாயங்காலம் கதவைத் திறந்தபோது தலைவர் திண்டுக்குப் பின்னால், முகத்தைச் சுவரோடு ஒட்டி வைத்து, குறுகி உட்கார்ந்திருந்தார். அந்தக் கரடியும் பல வருஷமாக அதே இடத்தில் அதே மாதிரிதான் உட்கார்ந்திருந்தது. அதைச் சோம்பேறி என்று எழுதி வைத்திருந்தோம். "ஒளிஞ்சுக்க ஒரு மூலை இல்லம்மா," என்றார் தலைவர். "நாள் பூரா எல்லாரும் பாத்துக்கிட்டே இருக்காங்க. முதுகு அரிச்சா சொறியக்கூட வெக்கமா இருக்கு." கிளியைப் பற்றி அவர் அதற்குப் பிறகு வாய் திறக்கவில்லை. கரடிக்குக் குகை கிடைத்தது. சிங்கக் கூண்டில் இருந்த இயக்குநருக்குத் தரை சுட்டது; சிங்கத்துக்கு மரமும் நிழலும் கிடைத்தன. கணக்கு அதிகாரி நீர்நாய்த் தொட்டியில் இருந்துவிட்டுச் சளியோடு வந்து, செலவைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்று தும்மலுக்கு நடுவே கையெழுத்திட்டார். இப்படிச் செய்து நியாயத்தைக் கண்டுபிடித்த ஊர் உலகத்தில் இன்னொன்று இருக்குமா!

இருந்திருந்தால் நல்லது. அவர்கள் செய்த தவறைப் பார்த்து நாங்கள் திருந்தியிருப்போம்.

பூங்காவின் பின்புறம், அலுவலகக் கட்டடத்துக்கும் மோட்டார் அறைக்கும் இடுக்கில், ஒரு கழுதைப்புலி இருந்தது. உடம்பில் கோடு போட்ட ஜாதி. முன்பக்கம் தூக்கி, பின்பக்கம் இறங்கி, கழுத்தைத் தாழ்த்திக்கொண்டு, விசேஷ வீட்டில் யாரும் உட்காரச் சொல்லாத உறவுக்காரர் போல ஓரமாகவே நிற்கும். அதனால் எல்லோரும் அதைச் சித்தப்பா என்றே கூப்பிட்டோம். சித்தப்பாவைப் பார்க்க வருகிறவர்கள் கொஞ்சம். வந்தவர்களும் சிரிக்கச் சொல்லிக் கேட்டார்கள். கோடு போட்ட ஜாதி சிரிக்காது, வாயே திறக்காது. காசு கொடுத்து வந்தும் கழுதைப்புலி சிரிக்கவில்லை என்று இயக்குநரிடம் புகார் கொடுத்தவர்கள் உண்டு. இயக்குநர் பதிலுக்குத் தானே சிரித்து அனுப்பிவைத்தார்.

இந்தச் சித்தப்பாதான் அக்காவுக்குச் செல்லம். அப்படி அவர் எந்நாளும் சொன்னதில்லை. சாயங்காலம் வேலை முடிந்து வீட்டுக்குப் போகும்போது நேர்வழியை விட்டு அந்த இடுக்கு வழியாகப் போவார், தாழ்ப்பாளை ஆட்டிப் பார்ப்பார், நடப்பார். உள்ளே சித்தப்பாவும் சுவரோரமாகக் கூடவே நடந்து மூலை வரை வந்து நிற்கும். இருவருக்கும் இடையில் இருந்தது அவ்வளவுதான். பேச்சில்லை, தடவல் இல்லை. மூலை வரை ஒரு துணை.

உள்ளிருப்புக்கு அந்தக் கூண்டை யாரும் கேட்கவில்லை. நாற்றம். ஆகவே அக்காவே எடுத்துக்கொண்டார். முந்தின இரவெல்லாம் விழித்துக் கரடிக் குகையின் வரைபடத்தைத் திருத்தியிருந்தவர். கூண்டிலோ பின்சுவர் குளுகுளுவென்றிருந்தது. மேலே ஒரு பெரிய மரத்தின் நிழல். ஆள் நடமாட்டம் இல்லை. மோட்டார் அறை ஊமையாய்க் கிடந்தது. அக்கா சுவரில் சாய்ந்தார், கண்ணை மூடினார், அவ்வளவுதான். நடுவில் வழிதவறி வந்த ஒரு குடும்பம், "சத்தம் போடாதடா, தூங்குது," என்று பிள்ளையைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனதாம். பொழுது சாய்வதற்கு முன் பராமரிப்பாளர் வந்து கம்பியைத் தட்டித்தான் எழுப்பினார்.

மறுநாள் கூட்டத்தில் அக்கா உள்ளதை உள்ளபடி சொன்னார். "நல்லா தூங்கிட்டேன் சார். இந்த வருஷத்துல அப்படி ஒரு தூக்கம் எனக்குக் கிடைக்கல. அங்க ஒரு குறையும் இல்ல. கழுதைப்புலி கடைசியில இருக்கட்டும்."

தன் செல்லத்தைத் தானே கடைசியில் தள்ளிய அந்த நேர்மையைக் கண்டு கூட்டத்தோடு நாங்களும் மெய்சிலிர்த்தோம். இதே மாதிரியான ஒரு மடலில் அதைப் புகழ்ந்தும் எழுதியிருப்போம்.

வருஷங்கள் ஓடின. கரடி குகைக்குள் போய்ப் பல நாள் வெளியே வரவேயில்லை. பணம் கொடுத்தவர்கள் குகை வாசலைப் பார்த்துவிட்டுப் போனார்கள். சிங்கம் நிழலில் படுத்தது. நீர்நாய்க் குளம் முடிந்து, ஒழுகி, ஒழுகல் நின்றது. அந்த ஒழுகலைப் பார்க்க நின்றதில்தான் அக்காவுக்கு ஒரு நாள் நேரமாகிவிட்டது. வழக்கத்தைவிடத் தாமதமாக, பொழுது சாய்ந்த பிறகு, அந்த இடுக்கு வழியாக வந்தார். அப்போது மோட்டார் ஓடத் தொடங்கியது.

ஓடத் தொடங்கியது என்பது சும்மா எழுத்துக்குச் சொல்வது. தரை அதிர்ந்தது. கம்பிகள் கிணுகிணுத்தன. சித்தப்பாவின் தண்ணீர்த் தொட்டியில் வளையம் வளையமாய் அலை எழுந்தது. அதன் நாள் தொடங்கும் வேளை அது. படுத்திருந்த அறையிலிருந்து வெளியே வந்த சித்தப்பா, மோட்டார் அறைக்கு எட்டாத மூலையாகப் பார்த்துப் போய், காதுகளை மடக்கி, சுவரைப் பார்த்து நின்றது. நின்ற நிலையிலேயே தெரிந்தது, அது இன்றைக்குப் புதிதாக வந்து நிற்கும் மூலை அல்ல என்று. அங்கே மட்டும் சிமெண்ட் தேய்ந்திருந்தது.

அக்கா மோட்டார் அறைக்குள் போனார். எங்கள் பம்ப்காரர், பூங்காவிலேயே வயதில் மூத்தவர், எல்லோருக்கும் மோட்டார் மாமா, எண்ணெய்த் துணியோடு உட்கார்ந்திருந்தார்.

"மாமா, இது எப்பவும் இந்த நேரத்துலயா ஓடும்?"

"என்னம்மா? சத்தமாச் சொல்லு."

"எப்பவும் இப்பத்தான் ஓடுமா?"

"ஆமாம்மா. பொழுது சாஞ்சா போடுவேன். விடிஞ்சா நிறுத்துவேன். பகல்ல ஊரே தண்ணி பிடிக்கும், நமக்கு ஏறாது."

"நான் உள்ள உக்காந்த அன்னிக்கு ஓடலயே."

"நீ பகல்லதானே உக்காந்த."

"இவனுக்கு ராத்திரிதானே மாமா பகலு?"

மோட்டார் மாமா துணியைக் கீழே வைத்தார். "அது எனக்கு எப்படிம்மா தெரியும்? நான் கண்ணு மூடுறதே இல்ல. எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

அக்காவுக்குத் தெரியும். எந்த விலங்கு எப்போது விழிக்கும், எப்போது தூங்கும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். ஆந்தைக் கூண்டுக்குள் அந்தியில்தான் போய் உட்கார்ந்தார். சித்தப்பாவின் கூண்டுக்குள் மட்டும் பகலில் போனார். அசதி, அவசரம், மறுநாள் கூட்டம். உட்கார்ந்து பார்த்தது சித்தப்பா தூங்கும் நேரத்தை. அது விழித்திருக்கும் நேரத்தை அவர் தூங்கியதைக் கொண்டு அளந்துவிட்டார். மோட்டார் அறையில் கவிழ்த்துப் போட்டிருந்த வாளியின் மேல் வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு வீட்டுக்குப் போனார். தட்டின் முன் சும்மா இருந்தவரிடம் அத்தான் கேட்டிருக்கிறார்.

"என்ன ஆச்சு?"

"நான் தூங்கிட்டேங்க."

"எப்ப?"

"பல வருஷத்துக்கு முன்னாடி."

"அதுக்கு இப்ப எதுக்கு முழிச்சிருக்க?"

அன்றிலிருந்து அவருக்குச் சரியாகத் தூக்கமில்லை என்று அத்தான்தான் எங்களிடம் சொன்னார்.

மறுநாள் விடிந்ததும் அக்கா இயக்குநரின் அறை வாசலில் போய் நின்றார். அடுத்த வீடு கழுதைப்புலிக்கு என்றார். இப்போதிருக்கும் இயக்குநர் அக்காவைவிட இளையவர். எங்களைப் போலவே அவரும் அக்கா என்றுதான் அழைப்பார்.

"அக்கா, அது நீங்க போட்ட வரிசை. நீங்க சொன்ன நியாயம். ஆந்தைக் கூண்ட இடிச்சாச்சு, ஒப்பந்தக்காரர் கல்லு மண்ணு எல்லாம் இறக்கியாச்சு. இப்ப மாத்துனா ஆந்தைய எங்க வைக்கிறது, உங்க மேசை மேலயா?"

"வைங்க தம்பி."

இயக்குநர் விளையாட்டாகச் சொன்னார். அக்கா விளையாடவில்லை. உண்மையில் இரண்டு ஆந்தைகள் ஏற்கெனவே அவருடைய வரைபட அறையில்தான் தங்கியிருந்தன. ஒன்று அளவுகோல் மேல், மற்றது நாட்காட்டி மேல். ஆனாலும் ஒப்பந்தம் ஒப்பந்தம்தான். தான் வகுத்த நியாயம் கதவைச் சாத்திக்கொண்டு நிற்க, அதை வெளியிலிருந்து தட்டிக்கொண்டு நின்றார் எங்கள் அக்கா.

அவரால் உடனே செய்ய முடிந்தது ஒன்றுதான். மேலே ஒரு பெரிய தொட்டி கட்டி, மோட்டாரைப் பகலுக்கு மாற்றினார். அதன் விளைவை அலுவலகம் அனுபவித்தது. ஒட்டிய சுவர். தண்ணீர் மெதுவாக ஏறியதால் காலை முதல் மாலை வரை ஓடியது. அலுவலகத்தில் யாரும் யாரிடமும் கத்தாமல் பேச முடியவில்லை. சம்பள உயர்வு கேட்டு வந்த ஒருவரிடம் இயக்குநர் ரகசியமாக "பாக்கலாம்" என்று கத்தியது பூங்கா வாசல் வரை கேட்டு, வரிசையில் நின்றவர்கள் எல்லாம் கைதட்டினார்கள். சிங்கம்கூட ஒரு தரம் திரும்பிப் பார்த்ததாகச் சொல்கிறார்கள். நாங்கள் அவ்வளவு தூரம் போய்ச் சரிபார்க்கவில்லை. யாரும் முறையிடவில்லை. காரணம் எல்லோருக்கும் தெரியும்.

சத்தமில்லாத முதல் அந்தியில் பணியாளர் அனைவரும் வீட்டுக்குப் போகாமல் அந்த இடுக்கில் கூடி நின்றோம். சித்தப்பா அறையிலிருந்து வெளியே வந்தது. ஒரு நிமிஷம் நின்றது. பிறகு வழக்கம் போல அந்த மூலைக்குப் போய், காதுகளை மடக்கி, சுவரைப் பார்த்து நின்று, வராத சத்தத்துக்காகக் காத்திருந்தது. நாங்கள் ஒவ்வொருவராகக் கலைந்தோம். அக்கா மட்டும் நின்றார். நாளாக ஆக அது மூலையை விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரப் பழகியது. ஆனால் காதை முழுக்க நிமிர்த்தி நின்று நாங்கள் யாரும் பார்த்ததில்லை.

ஆந்தைகள் குடிபோன மறுநாளே அக்கா இந்த வீட்டை வரையத் தொடங்கினார். இங்கே உட்கார்ந்திருக்கும் எல்லோரும் ஒரு தரம் சுற்றிப் பாருங்கள். மோட்டார் அறையிலிருந்து பூங்காவின் மறுகோடி. தோண்டத் தோண்ட இளகும் மண். உங்கள் நாற்காலிக் கால்கள் புதைவது அதனால்தான், கட்டுமானத்தில் குறையில்லை. அதோ, மேட்டுக்கு அடியில், ஒன்றுக்கு இரண்டு வாசல் வைத்த வளை. கண்ணாடி ஒரு பக்கம் மட்டும், அதற்கு முன்னால் புதர். பார்க்கப்பட வேண்டுமா வேண்டாமா என்பதை உள்ளே இருக்கிறவரே முடிவு செய்துகொள்ளலாம். கரடிக்கு வரைந்ததைவிட, சிங்கத்துக்கு வரைந்ததைவிட, அத்தானுடைய குளியலறையைவிட அழகாக வரைந்தார். வரைந்தபடியே எழுந்தது. இடையில் மழை வந்தது. ஒப்பந்தக்காரர் வராமல் இருந்தார். பிறகு வந்தார், அப்புறம் மறுபடி மழை வந்தது. புதர் நட்டு வேர் பிடிக்கக் காத்திருந்தபோது, ஒரு நாள் காலையில் கால்நடை மருத்துவர் வரைபட அறைக்கு வந்தார். உட்காரவில்லை.

"வயசாயிருச்சுக்கா. வேற ஒண்ணுமில்ல. நல்ல வயசு அதுக்கு."

அக்கா பென்சிலைக் கீழே வைத்தார். "எங்க இருந்தான்? மூலையிலயா?"

மருத்துவர் பொய் சொல்லத் தெரியாதவர். "ஆமாக்கா, மூலையிலதான். ஆனா தூங்குற மாதிரிதான் படுத்திருந்துச்சு."

அன்று சாயங்காலமும் அக்கா அந்த இடுக்கு வழியாகத்தான் போனார். காலிக் கூண்டின் தாழ்ப்பாள் திறந்து கிடந்தது. பூட்டி வைக்க உள்ளே யாரும் இல்லை என்று விட்டிருந்தார்கள். அக்கா அதைச் சாத்தி, ஆட்டிப் பார்த்துவிட்டுப் போனார். மறுநாளும் ஆட்டினார். நேற்றும் ஆட்டினார்.

இப்போது, வேறோர் ஊரின் பூங்காவிலிருந்து ஓர் அக்காளும் தம்பியுமாய் இரண்டு இளம் கழுதைப்புலிகள் வந்து புதிதாக வரும் விலங்குகளைத் தனியே வைத்திருக்கும் நம் தனிமைக் கூடத்தின் சிமெண்ட் அறையில் காத்திருக்கின்றன. இரவெல்லாம் கதவைச் சுரண்டுகின்றன. வீடு தயார். புதர் வேர் பிடித்துவிட்டது. ஆனால் அக்கா உள்ளே இருந்து பார்த்து "சரி" என்று சொல்லாமல் எந்த விலங்கும் குடிபுகக் கூடாது என்பது அக்காவின் சட்டம். அதை மீற எங்களில் ஒருவருக்கும் மனமில்லை. இயக்குநர் நேரில் போய்க் கேட்டார்.

"ஒரு அந்தி மட்டும் உக்காந்து எழுந்திருங்கக்கா. முடிஞ்சுபோச்சு."

"வேற யாராவது உக்காரட்டும் தம்பி."

"உங்க சட்டம்க்கா."

"என்ன நம்பாதீங்க தம்பி. நான் உக்காந்தா தூங்கிடுவேன். தூங்கிட்டு நல்லா இருக்குன்னு சொல்லிடுவேன். அப்புறம் அதுங்க எங்க போய் நிக்கும்?"

அக்கா மேசையைத் துடைத்தார், அளவுகோல்களைத் துணியில் சுற்றினார், சாவிக்கொத்தை ஒப்படைத்தார். இன்றைய நாளும் வந்துவிட்டது.

இத்துடன் வேறோர் ஊர்ப் பொறியாளரின் கதை முடிந்தது. இனி நேராகவே பேசுகிறோம்.

அக்கா! தவறு தங்களுடையது அல்ல என்று சொல்ல எங்களுக்கு ஆசைதான். சொன்னால் தாங்கள் நம்ப மாட்டீர்கள். நம்பாததில் நியாயமும் இருக்கிறது. சித்தப்பாவுக்கு இந்த வீடு கிடைக்கவில்லை. அதைத் திருத்த எங்கள் தமிழில் அடைமொழி இல்லை. தங்கள் உழைப்பின் உயரத்தைச் சொல்ல ஆயிரம் சொல் அடுக்கினாலும், அந்த மூலையில் தேய்ந்த சிமெண்டை அவற்றைக் கொண்டு பூசி நிரப்ப முடியாது என்பது எழுதிய எங்களுக்கே தெரியும்.

ஆனால் கதவைச் சுரண்டும் இரண்டு பேர் இருக்கிறார்கள். அவர்களுக்காக ஒரு சிறு சூழ்ச்சி செய்துவிட்டோம், பொறுத்தருளுங்கள். விழா தொடங்கியதுமே இந்த அடைப்பிடத்தின் கதவு வெளியிலிருந்து பூட்டப்பட்டுவிட்டது. சாவி மோட்டார் மாமாவிடம். தாங்கள் மட்டும் தனியே இருந்தால் தூங்கிவிடுவோம் என்று பயந்தீர்கள் அல்லவா? அதனால் நாங்கள் அத்தனை பேரும் உள்ளே இருக்கிறோம். இயக்குநர் இருக்கிறார். கணக்கு அதிகாரி கைக்குட்டையோடு இருக்கிறார். முன் அனுபவம் உள்ளவர் என்பதால் பழைய குழுத் தலைவரையும் அழைத்திருக்கிறோம். வந்ததிலிருந்து அவர் அந்தப் புதருக்குப் பின்னால்தான் உட்கார்ந்திருக்கிறார், வசதியாக இருக்கிறதாம். தங்கள் கண் சொருகினால் தோளைத் தொட்டு எழுப்ப அத்தான் இருக்கிறார். தூக்கம் வந்துவிடக் கூடாது என்பதற்காகவே இந்த விழாவில் சொற்பொழிவு எதுவும் வைக்கவில்லை.

தாங்கள் பல்லாண்டு நலமாய் வாழ வேண்டும் என்று வாழ்த்துவது முறை. வாழ்வீர்கள், தங்களைப் பார்த்தால் அதில் எங்களுக்கு ஐயமில்லை. நாங்கள் வேண்டுவது அதைவிடச் சிறிய ஒன்று. இனிவரும் இரவுகளில் தங்களுக்கு நல்ல தூக்கம் வாய்க்கட்டும். அந்தப் பழைய கூண்டின் சுவரில் சாய்ந்து தூங்கினீர்களே, அதே மாதிரி ஒரு தூக்கம், தங்கள் சொந்த வீட்டில், யாரும் கம்பியைத் தட்டி எழுப்பாத தூக்கம், வாய்க்கட்டும்.

கடைசியாக ஒன்று. இந்த ஓர் அந்திக்கு மட்டும் மோட்டாரைப் பழைய நேரத்துக்கே போடச் சொல்லியிருந்தோம். இம்மடலை வாசிக்கத் தொடங்கும்போதே மாமா அதைப் போட்டுவிட்டுத்தான் இங்கே வந்து கதவருகில் நிற்கிறார். இப்போதும் அது அந்தக் கோடியில் ஓடிக்கொண்டிருக்கிறது.

வாசிப்பதை இதோடு நிறுத்திக்கொள்கிறோம். காது கொடுத்துக் கேளுங்கள், அக்கா. சத்தம் கேட்டால் சொல்லுங்கள். நாளைக்கே இதை இடித்துவிட்டு வேறு வீடு கட்டுவோம். கேட்காவிட்டால் எழுந்து போய்த் தாழ்ப்பாளை ஆட்டுங்கள். மாமா திறப்பார்.

இங்ஙனம்,
இருட்டும் வரை தங்களோடு அடைபட்டிருக்கும்
உயிரியல் பூங்காப் பணியாளர்கள்